நலம், நலமறிய அவா

பிறந்த ஊரை விட்டு வேற்றூர் வந்து பிழைக்கும் தமிழர் எவரும் தம் வாழ்நாளில் பல முறை எழுதிய தொடர் ஒன்று உண்டு. "நலம், நலமறிய அவா" என்பதே அது. நம் பாட்டனார் காலத்தில் "உபயகுசலோபரி" என்று வடமொழியில் தொடங்கினர். நம் தந்தையார் காலத்தில் அது தமிழாயிற்று. இன்று கடிதம் அருகிக் கைப்பேசி பெருகிவிட்டது. ஆயினும் முதற் கேள்வியும் முதல் விடையும் மாறவில்லை. "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." எங்கள் வரதய்யபாளையத்துக் கடைத்தெருவில் இதையே தெலுங்கில் "பாகுன்னாரா?" என்று கேட்டு, விடை வருமுன்னரே நடந்துவிடுகிறோம்.

அஞ்சல் துறையில் இருபதாண்டுகளாக எழுத்தனாகப் பணியாற்றி வருபவன் நான். எழுதத் தெரியாத முதியோர்க்காக இத்தொடரை என் கையால் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தினால் என் உள்ளத்தில் எழுந்த ஐயம் ஒன்றை இம்மலரின் வாயிலாக உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நலமில்லாதபோது நலம் என்று சொல்வது அறமாகுமா? அது பிழையென்றால், பிழை சொன்னவருடையதா, கேட்டவருடையதா?

நெய்விளக்கு

பணியில் சேர்ந்த முதலாண்டில் நெல்லூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் இரு நண்பர்களுடன் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மூன்று வேளையும் உணவு விடுதிச் சாப்பாடு. மழைக்காலத்தில் எனக்கு மஞ்சள் காமாலை கண்டது. கண்ணும் நகமும் மஞ்சளாயின. மூன்று வாரம் படுக்கை. நண்பர்கள் எங்கிருந்தோ கீழாநெல்லி கொண்டுவந்து அரைத்துக் கொடுத்தனர். அந்தப் படுக்கையில் சாய்ந்தபடியே ஓர் இன்லேண்டு கடிதத்தில் என் தாயாருக்கு எழுதினேன்: "நலம். நலமறிய அவா. இங்கே சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை."

இரண்டு மாதம் கழித்து ஊருக்குச் சென்றபோது, எனக்கு முன்னரே செய்தி சென்றிருந்தது. என் தாயார் கோபிக்கவில்லை. "நீ நலம்னு எழுதின காயிதம் வந்த அன்னைக்கு நான் அம்மன் கோயில்ல நெய்விளக்கு ஏத்தினேன்டா. பொய்க்கு வெளக்கு ஏத்த வச்சிட்டியே" என்றார்கள். அன்று நான் சிரித்து மழுப்பினேன். தாயின் மனம் நோகாதிருக்கச் சொன்ன பொய் அன்றோ, இதில் என்ன குற்றம் என்று எண்ணினேன்.

வரதய்யபாளையத்தில் இன்று

அந்தப் பழைய கதையை மீண்டும் நினைக்கச் செய்தது நான் இப்போது வாழும் ஊர். வரதய்யபாளையமும் சத்தியவேடும் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் பகுதி. 1960ஆம் ஆண்டு எல்லைச் சீரமைப்பில் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்திற்கு வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்துச் சத்தியவேடு சித்தூர் மாவட்டத்திற்குச் சென்றது. கோடுதான் நகர்ந்தது, மக்கள் நகரவில்லை. 2022ஆம் ஆண்டு முதல் இப்பகுதி திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது.

மக்கள் நகரத் தொடங்கியது 2008ஆம் ஆண்டிற்குப் பின்னர். அவ்வாண்டில் இவ்விரு மண்டலங்களின் நிலத்தில் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் தொடங்கப்பெற்றது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர். வேர்க்கடலையும் நெல்லும் விளைந்த ஊர்களின் நடுவே வண்டிகளும் மின்கருவிகளும் கைப்பேசிகளும் செய்யும் ஆலைகள் எழுந்தன. 2013இல் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் ஒன்றும் வந்தது. மாணவரும் தொழிலாளரும் ஒரே சாலையில் வந்திறங்கும் ஊராயிற்று எங்கள் பக்கம். விடியுமுன் தடாவிலிருந்தும் சூளூர்ப்பேட்டையிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் நிறுவனப் பேருந்துகள் வரிசையாக வருகின்றன. இரவு வேலை முடித்தவர்கள் சன்னலில் தலை சாய்த்து உறங்கியபடியே திரும்புகின்றனர். பதினெட்டும் இருபதும் வயதான பெண்பிள்ளைகள் அவர்களுள் மிகப் பலர்.

அவர்கள் சாலையோரம் நின்று வீட்டாருடன் பேசுவது செவியில் விழும். தமிழானாலும் தெலுங்கானாலும் விடை ஒன்றே. "நல்லா இருக்கேம்மா. சாப்ட்டேன்." பல நாள் அந்த வாய் சாப்பிட்டிராது என்பதை அதன் வறட்சியே காட்டிவிடும்.

வள்ளுவரும் காண்ட்டும்

அன்பினால் சொல்லும் பொய்யைக் குறித்து உலகம் நெடுநாளாக வழக்காடி வந்திருக்கிறது. ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1797ஆம் ஆண்டு இப்பொருள் பற்றியே ஒரு கட்டுரை வரைந்தார். கொலைகாரன் ஒருவன் வாயிலில் நின்று, வீட்டினுள் ஒளிந்துள்ள நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய்யுரைக்க உரிமையில்லை என்பது அவர் முடிபு. நம் வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் அவ்வளவு கடுமை காட்டவில்லை. எவர்க்கும் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்று அவர் தொடங்குகிறார். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் இசைகிறார்.

நம்மவர் பலரும் இந்த இரண்டாம் கருத்தை மட்டும் நினைவில் வைத்துக் கொண்டோம். வள்ளுவர் விதித்த நிபந்தனையை மறந்தோம். நன்மை தந்தால் மட்டும் போதாது, அந்நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும் என்றார் அவர். "நல்லா இருக்கேன்" என்னும் பொய் அச்சோதனையில் தேறுமா? அன்றிரவு தாய் அமைதியாக உறங்குகிறாள் என்பது நன்மையே. ஆனால் நோய் வளர்கிறது, செலவு பெருகுகிறது, நோய்க்குக் காரணமானவை திருத்தப்படாமல் கிடக்கின்றன, அதே அறைக்கு அடுத்து வரும் பெண்ணும் அதே நோயைப் பெறுகிறாள். ஒரு தாயின் ஓரிரவு உறக்கத்தை எத்தனை பேரின் உடல்நலத்தைக் கொடுத்து வாங்குகிறோம் என்று கணக்கிட்டால், நன்மை குற்றமற்றதன்று என்பது விளங்கும்.

பொய்யென்றே சொல்ல முடியாத பொய்யும் ஒன்று உண்டு. 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். ஆந்திரத்தில் 58.8, தமிழ்நாட்டில் 53.4. படியேறினால் மூச்சு வாங்குவதும், மாலையானால் தலை சுற்றுவதும் பெண்பிறப்பின் இயல்பு என்றே வளர்ந்த ஒருத்தி "நலம்" என்று சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை. நலம் எப்படியிருக்கும் என்பதை அவள் அறிந்ததே இல்லை. இது பொய்யினும் கொடியது அன்றோ?

திருப்பெரும்புதூர் தந்த பாடம்

இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று என்பதை நாட்டுக்குக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று 2021 டிசம்பரில் நடந்தது. சென்னைக்குத் தென்மேற்கே திருப்பெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் கைப்பேசி ஆலை உள்ளது. அப்போது ஏறத்தாழ 17,000 பேர் அங்கு வேலை செய்தனர், பெரும்பாலோர் இளம்பெண்கள், விடுதிகளில் தங்கியவர்கள். அவ்விடுதிகளுள் ஒன்றில் உணவு நஞ்சாகி, டிசம்பர் 15ஆம் நாள் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மேலும் நூறு பேரளவில் மருத்துவ உதவி நாடினர். ஓர் அறையில் 6 முதல் 30 பேர் வரை தங்கியதாகவும், தரையில் படுத்துறங்கியதாகவும் அப்பெண்கள் செய்தியாளரிடம் கூறினர்.

அடுத்து நடந்ததே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. மருத்துவமனைக்குச் சென்ற தோழியர் என்னவானார்கள் என்று விடுதியிலிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி கைப்பேசிகளில் பரவியது. டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டனர். எவரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் எடுத்துரைத்தும் அவர்கள் எளிதில் நம்பவில்லை. ஆலை மூடப்பட்டது. அவர்களின் விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கேற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே அம்மாத இறுதியில் ஒப்புக்கொண்டது. 2022 சனவரி 12ஆம் நாள் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது.

அந்த இரவில் அப்பெண்கள் கேட்டது கூலி உயர்வன்று. "எங்கள் தோழிகள் நலமா?" என்பதே. நலமாகவே இருந்தனர் என்ற விடையும் உண்மைதான். ஆயினும் அவ்விடை ஏன் நம்பப்படவில்லை? குறை சொன்னால் கேளாத இடத்தில், எப்போதும் "எல்லாம் நலம்" என்றே சொல்லிச் சொல்லி அச்சொல் செல்லாக்காசாகிவிட்டது. நலம் என்பது வெற்றுச் சொல்லாகிவிட்ட இடத்தில், மெய்யாகவே நலமாக இருப்பவரைப் பற்றிச் சொன்னாலும் எவரும் நம்பார். பொய்யின் பெருந்தீமை இதுவே. அது நாளை நாம் சொல்லவேண்டிய மெய்யையும் இன்றே கெடுத்துவிடுகிறது.

அந்நிகழ்ச்சியால் நன்மையும் விளைந்தது. 2024 ஆகஸ்டு 17ஆம் நாள், வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க விடுதித் தொகுப்பு ஒன்றைத் தமிழக அரசு திறந்தது. கட்டடச் செலவு ஏறத்தாழ 706 கோடி ரூபாய். நெடுஞ்சாலையில் அமர்ந்து "நாங்கள் நலமாக இல்லை" என்று உரக்கச் சொன்னவர்களின் வாய்மைக்கும் அக்கட்டடத்தில் பங்கு உண்டு.

ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி

தொழிலாளர் நிலை இதுவானால் மாணவர் நிலை என்ன? பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையை உண்டு உறைவிடக் கல்லூரியில் சேர்ப்பது ஆந்திரத்தில் வழக்கமாகிவிட்டது. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களும் அதற்கு விலக்கல்ல. விடியற்காலை தொடங்கி இரவு வரை படிப்பு. வாரத்தில் ஒரு நாள் வீட்டாருடன் சில மணித்துளிப் பேச்சு. அருகே அடுத்த முறைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் வரிசை. அச்சில மணித்துளியில் நாம் கேட்கும் முதல் கேள்வி "நல்லா இருக்கியா?" விடைக்குக் காத்திராமல் கேட்கும் இரண்டாம் கேள்வி "இந்த வாரம் எத்தனை மார்க்கு?" எந்தக் கேள்விக்கு மெய்யான விடையை எதிர்பார்க்கிறோம் என்பதைப் பிள்ளை அக்கணமே அறிந்துகொள்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக் கொண்டனர். 2023ஆம் ஆண்டு விசாகப்பட்டினத்து விடுதியொன்றில் தங்கி மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்து வந்த, வங்காளத்தைச் சேர்ந்த பதினேழு வயது மாணவி ஒருத்தியின் இறப்பு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 சூலை 25ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் நீதிமன்றம் நாடு முழுமைக்குமான நெறிமுறைகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவரைப் பிரித்து வைப்பதையும் பிறர் முன் இழிவுபடுத்துவதையும் தவிர்த்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. "நலமா?" என்று கேட்பதற்கென்றே ஒருவர் வேண்டும் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஆணையிட நேர்ந்ததெனில், அக்கேள்வியை நாம் எவ்வளவு தூரம் மறந்திருக்கிறோம் என்பது புலனாகும்.

சொல்பவர் கடமையா, கேட்பவர் கடமையா?

"அப்படியாயின் எல்லோரும் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். அவ்வாறு அறிவுரை கூற எனக்குத் தகுதி உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். நான் மைய அரசு ஊழியன். காய்ச்சல் என்றால் மருத்துவ விடுப்பு உண்டு. மாதக் கடைசியில் ஊதியம் வந்துவிடும். உண்மை சொல்வதற்கு நான் கொடுக்கும் விலை ஏதுமில்லை. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பெண்ணின் நிலை அதுவன்று. ஒரு நாள் விடுப்பெடுத்தால் அன்றைய கூலியோடு வருகைக்கான போனசும் போய்விடக்கூடும். அடிக்கடி நோய் என்றால் அடுத்த ஒப்பந்தத்தில் பெயர் இராது. தம்பியின் படிப்பு அவள் கையில். தொழிலாளர்க்கான ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், நோயுற்றால் ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெற வழி உண்டு. ஆனால் எந்தச் சட்டமும் வாய் திறந்தவர்க்கே பயன்படும். அந்த வாயைத் திறப்பதற்குத்தான் அவள் அஞ்சுகிறாள்.

எனவே என் முடிபு இது. மெய் சொல்லும் கடமை, மெய் சொன்னால் இழப்பு ஏதும் நேராதபடி கேட்கும் கடமைக்குப் பின்னரே வரும். நலமா என்று கேட்பவர், "இல்லை" என்ற விடையைத் தாங்கும் உள்ளத்தோடு கேட்க வேண்டும். ஆலை நடத்துவோர்க்கும் விடுதிக் காப்பாளர்க்கும் பெற்றோர்க்கும் இது பொது விதி. "இல்லை" என்று கேட்டதும் சினப்பவரும், அழுது அரற்றுபவரும், மதிப்பெண்ணுக்குத் தாவுபவரும் அப்பொய்க்குப் பங்காளிகளே.

கேட்கும் முறையும் ஒரு கலை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்பார் 1700ஆம் ஆண்டு தொழிலாளர் நோய்கள் பற்றி நூலொன்று வெளியிட்டார். நோயாளியிடம் கேட்கும்படி பழைய கிரேக்க மருத்துவம் வகுத்த வினாக்களோடு, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்னும் ஒரு வினாவையும் சேர்க்குமாறு அவர் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார். அந்த ஒரு வினாவிலிருந்து ஒரு மருத்துவத் துறையே வளர்ந்தது.

அதன் ஆற்றலை என் வீட்டிலேயே கண்டேன். என் அக்காள் மகள் ஆலையொன்றில் வேலை பார்த்து விடுதியில் தங்கியிருந்தாள். எட்டு மாதமாக நான் பேசும்போதெல்லாம் "நல்லா இருக்கேன் மாமா" என்பாள். ஒரு நாள் என் மனைவி கைப்பேசியை வாங்கி, "இன்னைக்கு எத்தனை தரம் தண்ணி குடிச்சே?" என்று கேட்டாள். மறுபுறம் பேச்சு நின்றுவிட்டது. பின்பு அழுகை. வேலையின் நடுவே எழுந்து கழிப்பறைக்குச் செல்லத் தயங்கி அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தாள். சிறுநீர்ப் பாதையில் தொற்று; அடிவயிற்று வலி; இரவில் காய்ச்சல். "அத்தை, மாமா நல்லாருக்கியான்னு கேட்டா நல்லாருக்கேன்னுதானே சொல்ல வரும்?" என்றாளாம். இரு வாரச் சிகிச்சையில் குணமானாள். எட்டு மாதம் நான் கேட்டது கேள்வியன்று என்பதை அன்று உணர்ந்தேன்.

உடனிருப்போர்

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் என்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து துணை செய்பவர். ஊர் விட்டு வந்தவர்க்கு முதல் மூன்றும் எவ்வாறேனும் கிடைத்துவிடும். இல்லாதது நான்காவதே. எனக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த இரு நண்பர்கள் அந்நான்காம் கூறாக அமைந்தனர்.

வேற்றூரில் தமிழ்ச்சங்கம் எதற்கு? பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் வேண்டியவையே. அவற்றோடு ஒன்று சேர்ப்போம். விடுதிகளில் தங்கியுள்ள நம் பிள்ளைகளுள் ஒருவரையேனும் மாதத்தில் ஒரு ஞாயிறு நம் இல்லத்திற்கு அழைத்து உணவிடுவோம். உண்ணும்போது மெல்லக் கேட்போம்: எத்தனை மணி நேரம் உறங்கினாய்? தண்ணீர் நன்றாக உள்ளதா? கடைசியாக எப்போது மருத்துவரைப் பார்த்தாய்? மனம் விட்டுப் பேச யார் இருக்கிறார்கள்? உள்ளம் சோர்ந்திருப்பதாகத் தோன்றினால், 2022 முதல் நடுவணரசு நடத்தும் டெலி-மானஸ் என்னும் உதவி எண் 14416 இருப்பதை எடுத்துரைப்போம். கட்டணமில்லை; தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

முடிக்குமுன், நெய்விளக்கின் கதையில் எஞ்சியதைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் கழித்து என் தாயாருக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் வந்தது. மூன்று மாதம் தொலைபேசியில் "நல்லா இருக்கேன்பா" என்றே சொல்லி வந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்து, "ஏம்மா எங்கிட்டே சொல்லலே?" என்று கேட்டேன். என்னையே சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "நீ மட்டும் சொன்னியா?" என்றார்கள்.

அதன்பின் என் தாயார் மறையும்வரை நான் "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டதில்லை. "கால்ல மருந்து போட்டியா? யார் கட்டு மாத்தினாங்க?" என்றே கேட்டேன். அவர்களும் அதற்கு மெய்யே சொன்னார்கள். நலமறிய அவா என்று எழுதுவது எளிது. அந்த அவா மெய்யாக இருக்குமானால், கேட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருப்போம்.